காய் நகரும்போது கணக்கு நடக்கிறதா?

வகுப்பறைக்குள் விளையாட்டு இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழியில் விளையாட்டு வேறு, பாடம் வேறு. ஐந்து கேள்விக்குப் பதில் சொன்னால் பந்தை ஒரு முறை எறியலாம். வாய்ப்பாட்டை ஒப்பித்தால் பாம்புக் கட்டத்தில் ஓர் உருட்டு. குழந்தை பந்துக்காகக் கேள்வியைப் பொறுத்துக்கொள்கிறது. இரண்டாவது வழியில், காயை நகர்த்த வேண்டுமென்றால் அந்தப் பாடத்தைச் செய்தே ஆக வேண்டும். எண்ணாமல் ஆட முடியாது, பங்கிடாமல் ஆட முடியாது, யோசிக்காமல் தப்பிக்க முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: வகுப்பில் சிரிப்பு, சத்தம், உற்சாகம். ஆனால் பலன் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் ஐன்ஸ்வொர்த் ஆகியோர் வகுத்தலுக்காக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி, 2011-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். விளையாட்டின் பெயர் 'ஸோம்பி டிவிஷன்'. நெஞ்சில் எண் எழுதிய எலும்புக்கூடுகள் எதிரே வரும். அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணுக்குரிய தாக்குதலைத் தேர்ந்தெடுத்தால்தான் அவை வீழும். அதே விளையாட்டின் இன்னொரு வடிவத்தில் எலும்புக்கூட்டின் மேல் எண் கிடையாது. சண்டை தனியாக நடக்கும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வகுத்தல் கணக்குகள் தனியாக வரும். படம், கதை, கணக்கு எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. கணக்கு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டும் வேறு. 7 முதல் 11 வயது வரையான 58 குழந்தைகள் மொத்தம் இரண்டு மணி நேரம் ஆடிய பிறகு பார்த்தால், கணக்கு சண்டைக்குள்ளேயே இருந்த வடிவத்தை ஆடியவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று வேறு சிலரிடம் விட்டபோது, அந்த வடிவத்தில் அவர்கள் செலவிட்ட நேரம் மற்றதைப்போல ஏழு மடங்கு. கணக்கைத் தனியே பிரித்து ஓரத்தில் வைத்தால் ஆட்டம் சுவையாகும் என்பது பெரியவர்களின் ஊகம். குழந்தைகளின் தேர்வு அதற்கு நேரெதிராக இருந்தது.

ஆகவே ஒரு விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுவருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது சுவையாக இருக்கிறதா என்பதல்ல. ஆடும்போது குழந்தையின் கையும் வாயும் மனமும் திரும்பத் திரும்ப எதைச் செய்கின்றன என்பதுதான். அது பாடமாக இருந்தால் பாடம் பதியும். வேறொன்றாக இருந்தால் அந்த வேறொன்றுதான் பதியும்.

கட்டம் வரைந்த பலகையில் காய் நகர்த்தும் எளிய ஆட்டம் இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வுகளில் பயன்படுத்தியது மிகச் சாதாரணமான ஒரு பலகை. நேர்கோட்டில் பத்துக் கட்டங்கள், 1 முதல் 10 வரை எண்கள், 1 அல்லது 2 காட்டும் ஒரு சுழல்முள். வசதி குறைந்த குடும்பங்களின் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் இதை ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம்போல நான்கு முறை ஆடினார்கள். எண்களைச் சொல்லிக்கொண்டே காயை நகர்த்த வேண்டும் என்பது மட்டுமே விதி. இன்னொரு குழுவுக்கு அதே பலகை, எண்களுக்குப் பதில் வண்ணங்கள். எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணுவதில், எண்ணைப் பார்த்துப் பெயர் சொல்வதில், இரண்டில் எது பெரிது என்று சொல்வதில், கோட்டில் ஓர் எண்ணின் இடத்தைக் காட்டுவதில் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. வண்ணப் பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அவர்களும் மகிழ்ச்சியாகத்தான் ஆடினார்கள்.

இத்தனை சிறிய ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? காய் 8-க்குப் போனால், 4-க்குப் போனதைவிட இரு மடங்கு தூரம் போயிருக்கிறது. இரு மடங்கு கட்டம் தாண்டியிருக்கிறது. இரு மடங்கு எண்களை வாய் சொல்லியிருக்கிறது. நேரமும் அதற்கேற்ப ஆகியிருக்கிறது. பெரிய எண் என்றால் பெரிய அளவு என்பது கண், கை, வாய், காலம் ஆகிய நான்கின் வழியாகவும் ஒரே சமயத்தில் உள்ளே போகிறது. கட்டங்களை வட்டமாக அடுக்கிப் பார்த்தபோது பலன் குறைந்தது என்பதும் இதைத்தான் காட்டுகிறது. வட்டத்தில் 8 எங்கே இருக்கிறது என்பது அது எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை.

இதன் தொடர்ச்சியாக எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. இம்முறை நூறு வரை போகும் பலகை. ஒரு குழந்தையின் காய் 27-ல் நிற்கிறது, 3 விழுகிறது. பெரும்பாலான குழந்தைகள் என்ன செய்யும்? 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று தட்டிக்கொண்டே போய் 30-ல் வைக்கும். தவறில்லை, காய் சரியான இடத்துக்குத்தான் போகிறது. ஆனால் அந்த ஆட்டம் முழுவதும் அது எண்ணியது ஒன்று முதல் சில எண்கள் வரைதான். கட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. '28, 29, 30' என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொன்ன குழந்தைகள்தான் எண்களின் அளவைப் பற்றிய உணர்வில் முன்னேறினார்கள். பலகை அதே, உருட்டு அதே. வாயில் வரும் சொல் மாறியது, பலன் மாறியது.

நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவில் விரிக்கப்படும் பரமபதத்துக்கும், கடைகளில் விற்கும் பாம்பு ஏணிப் படத்துக்கும் இது அப்படியே பொருந்தும். எண் சொல்லி நகர்த்துவது என்ற ஒரே விதியைச் சேர்த்தால் போதும், பொழுதுபோக்கு பாடமாகிவிடும். ஒரு சிறு சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் பலகைகளில் வரிசைகள் ஏர் உழுவதுபோல ஒன்று விட்டு ஒன்று திரும்பி வரும். 10-க்கு நேர் மேலே 11, 1-க்கு மேலே 20. பத்துகளும் ஒன்றுகளும் பிடிபட வேண்டிய வயதில் இது குழப்பும். ஒவ்வொரு வரிசையும் இடமிருந்தே தொடங்கும்படி தரையில் சாக்பீஸால் நூறு கட்டம் போட்டுக்கொண்டால் 7, 17, 27 எல்லாம் ஒரே செங்குத்து வரிசையில் நிற்கும். பத்தைக் கூட்டுவது என்றால் ஒரு வரிசை ஏறுவது என்பது சொல்லாமலே விளங்கும். பாம்பு கடித்து 62-லிருந்து 19-க்கு இறங்கிய குழந்தையிடம் எத்தனை கட்டம் போச்சு என்று கேட்டால், கழித்தல் கணக்குக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. 43 கட்டத்தை இழந்த வருத்தமே காரணம்.

கணக்கு ஆட்டத்துக்கு உள்ளேயே இருப்பதற்குத் தமிழ்நாட்டில் பல்லாங்குழியைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வைத்தால் மொத்தம் 70. ஒரு குழியை வழித்து அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் விதி மாறும். சில ஊர்களில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். எந்த விதி என்பதை ஆட்டம் தொடங்குமுன் வகுப்பே பேசி முடிவு செய்வது நல்லது. விதியைச் சொற்களில் தெளிவாகச் சொல்லிப் பார்ப்பதே நல்ல மொழிப் பயிற்சி.

எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதுதான் பல்லாங்குழியின் பயன் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பயன் முதல் ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது. ஒருவரிடம் 38 கொட்டை, மற்றவரிடம் 32 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆட்டத்துக்கு அவரவர் குழிகளை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 38 வைத்திருப்பவர் ஏழு குழியையும் நிரப்பிவிடுவார், கையில் 3 மிஞ்சும். 32 வைத்திருப்பவருக்கு ஆறு குழிதான் நிரம்பும், 2 மிஞ்சும். ஒரு குழி அந்த ஆட்டத்துக்கு இல்லாமல் போகும். மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஈவு, மீதி என்று வருவது இதுதான். புத்தகத்தில் மீதி என்பது ஓரத்தில் எழுதிவிட்டு மறந்துவிடும் எண். இங்கே ஈவு என்பது எத்தனை குழி சொந்தம் என்ற உரிமை, மீதி என்பது கையிருப்பு. மறக்க முடியாது.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த ஆட்டத்தில் மிஞ்சியது 3-ம் 2-ம், கூட்டினால் 5. காலியான குழி ஒன்று, அதற்கு வேண்டியது 5. இது தற்செயலா? 41-க்கு 29 என்று முடிந்தால் என்ன ஆகும்? 41 வைத்திருப்பவர் கையில் 6 மிஞ்சும். 29 வைத்திருப்பவருக்கு ஐந்து குழி, மீதி 4. கூட்டினால் 10, காலியான குழி இரண்டு. எப்போதும் இப்படித்தான் வருமா, ஏன் என்ற கேள்வியை ஏழாம் வகுப்பிடம் விட்டால் அது இயற்கணிதத்தின் வாசல். மொத்தம் 70 என்பது ஆட்டம் முழுவதும் மாறாது என்ற ஒரே உண்மையிலிருந்து எல்லாம் கிளம்புகிறது. குழிக்கு ஆறு வைத்து ஆடினால் 84, நான்கு வைத்தால் 56. எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரே ஆட்டம் ஆண்டு முழுவதும் ஓடும்.

தாயத்தில் இருப்பது வேறு பாடம். நான்கு பக்கம் உள்ள இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். மொத்தம் ஒன்று, அதாவது தாயம், விழ இரண்டு வழி. இரண்டு விழ மூன்று வழி. மூன்று விழ நான்கு வழி. நான்குக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழிதான். தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்ற விதியால் பாதி ஆட்டம் தாயத்துக்காகக் காத்திருப்பதிலேயே போகும். அதன் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைவிடச் சற்று அதிகம். மறு உருட்டு தரும் 1, 5, 6, 12 ஆகிய நான்கும் சேர்ந்து பதினாறில் ஆறு. நிகழ்தகவு ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் நாணயத்தோடும் பகடையோடும் வருகிறது. தாயக்கட்டையோடு வந்தால், 'எனக்கு மட்டும் ஏன் விழவே மாட்டேங்குது' என்று பாட்டி வீட்டில் புலம்பிய நினைவும் கூட வரும்.

கட்டை இல்லாத பள்ளியில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை நான்கு போதும். ஆனால் அதில் வெள்ளையும் கறுப்பும் சமமாக விழும் என்று சொல்ல முடியாது. தேய்த்த அளவைப் பொறுத்தது. நூறு முறை போட்டுக் குறித்து வைத்து, கணக்கில் வரும் எண்ணையும் தரையில் விழுந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் வகுப்பு சுறுசுறுப்பாகும்.

ஆடுபுலி ஆட்டத்தில் எண்ணிக்கை குறைவு, வாதம் அதிகம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. இரு தரப்புக்கும் சமமான படை இல்லை, சமமான நோக்கமும் இல்லை. புலிக்கு வெட்ட வேண்டும், ஆட்டுக்கு மறிக்க வேண்டும். 'இங்கே வைத்தால் அது தாண்டும், தாண்டினால் அங்கே மாட்டும்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருவர் இருவராக ஆடவைத்தால், காரணம் சொல்லும் பழக்கம் வரும். அதற்கு மேல் பாடத்திட்டத்தின் எந்தத் தலைப்போடும் இதை வலிந்து ஒட்ட வேண்டாம்.

மொழி வகுப்பில் பலருக்கும் தெரிந்தது, சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் ஆட்டம். இதில் தமிழுக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. 'மரம்' என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் 'ம்' என்ற மெய்யில் தொடங்க வேண்டும். எந்தத் தமிழ்ச் சொல்லும் மெய்யில் தொடங்காது. ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே புள்ளியை எடுத்துவிட்டு 'ம' வரிசையில் தொடரலாம் என்று விதி செய்கிறார்கள். சற்று நேரம் ஆடிய பிறகு கூர்மையான குழந்தை ஒன்று கண்டுபிடிக்கும்: 'வீடு', 'புளி', 'வழி', 'மணி' என்று சொன்னால் எதிரணி திணறுகிறது. ட, ள, ழ, ண போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. டம்ளர், டப்பா என்று எதிரணி தப்பிக்கப் பார்க்கும். அது தமிழ்ச் சொல்லா என்று சண்டை வரும். மொழிமுதல் எழுத்துகள் என்று இலக்கணப் புத்தகத்தில் மனப்பாடத்துக்காக நிற்கும் பட்டியல் இங்கே எதிரியை மடக்கும் ஆயுதமாகிறது. ஆட்டத்தை முதலில் ஆடவிட்டு, இலக்கணப் பாடத்தை அந்தச் சண்டைக்குப் பிறகு வைத்தால் ஆசிரியர் புதிதாக அதிகம் சொல்ல வேண்டியிருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகு விளையாட்டால் எல்லாம் ஆகிவிடும் என்று தோன்றலாம். ஆகாது. தில்லியில் பிரதம் அமைப்பு நடத்திய 214 முன்பருவப் பள்ளிகளில் 1,540 குழந்தைகளைக் கொண்டு மொய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் நடத்திய பெரிய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்து வயதுக் குழந்தைகள் நான்கு மாதம் கணித விளையாட்டுகள் ஆடினார்கள். புள்ளிக் கூட்டங்களில் எது அதிகம் என்று ஒப்பிடுவது, வடிவங்களில் மாறுபட்டதைக் கண்டுபிடிப்பது போன்றவை. அந்தத் திறன்கள் வளர்ந்தன, ஓராண்டுக்கு மேலும் நின்றன. ஆனால் முதல் வகுப்புக்குப் போய்ப் பள்ளிக் கணக்கைப் போட்டபோது, ஆடாத குழந்தைகளைவிட இவர்கள் மேலாக இல்லை. புள்ளிக் கூட்டத்தைப் பார்த்து அதிகம் எது என்று சொல்வதற்கும், '7 + 5' என்று எழுதியதைப் படித்துச் செய்வதற்கும் இடையே ஓர் ஓடை இருக்கிறது. விளையாட்டு அதன் மேல் பாலம் போடவில்லை.

அந்த ஓடை விளையாட்டுக்கு மட்டும் உரியதுமல்ல. கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களைப் பற்றி அபிஜித் பானர்ஜி, டுஃப்லோ உள்ளிட்டோர் 2025-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. கிலோ கணக்கும் சில்லறையும் மனத்திலேயே சரியாகப் போடும் சிறுவர்கள், அதே அளவு எளிய கணக்கைப் பள்ளி வடிவத்தில் தாளில் எழுதித் தந்தால் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் குழந்தைகளோ தாளில் செய்ததைச் சந்தைக் கணக்கில் செய்யத் தடுமாறினார்கள். ஓரிடத்தில் வந்த திறமை இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை.

ஆகவே ஆட்டத்துக்குப் பிறகு வரும் பத்து நிமிடம்தான் ஆசிரியரின் வேலை. பல்லாங்குழி முடிந்ததும் '38 ÷ 5' என்று கரும்பலகையில் எழுத வேண்டும். எது குழி, எது கையிருப்பு என்று குழந்தைகளே காட்ட வேண்டும். பிறகு குழியே இல்லாத ஒரு கணக்கைத் தர வேண்டும்: 47 இட்லி, ஒரு தட்டுக்கு ஐந்து. பல வகுப்புகளில் ஆட்டம் மணி அடிக்கும்வரை நீண்டு, இந்தப் பத்து நிமிடம்தான் பலியாகிறது. நேரம் போதாது என்றால் ஆட்டத்தைச் சுருக்கலாம், இதைச் சுருக்கக் கூடாது.

பேசாமல் விட்டால் ஆட்டம் தன் பாடத்தைத் தானே நடத்தும் என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் எலிசபெத் மேகி என்ற பெண் 1904-ல் காப்புரிமை பெற்ற 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற பலகை ஆட்டம், நில வாடகை ஒருவரைச் செல்வராக்கி மற்றவர்களை எப்படி ஓட்டாண்டியாக்குகிறது என்று காட்டுவதற்காக உருவானது. ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கருத்துகளைப் பரப்புவது அவர் நோக்கம். அந்த ஆட்டத்தின் வழித்தோன்றல்தான் 'மோனோபோலி'. நம் ஊர்க் கடைகளில் 'பிசினஸ்' என்றும் 'டிரேட்' என்றும் கிடைப்பது அதன் உறவுதான். எத்தனை பேர் அதை ஆடிவிட்டு நில வாடகை அநியாயம் என்று முடிவுக்கு வந்திருப்பார்கள்? மற்றவர்களைத் திவாலாக்குபவர் ஜெயிப்பார் என்பது விதி. கற்றதும் அதுதான்.

கணினி விளையாட்டுகளின் தொடக்க காலத்திலும் இதே கதை. 1971-ல் மினியாபொலிஸில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த டான் ராவிட்ச் தன் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக, இரண்டு நண்பர்களின் உதவியோடு 'ஓரிகன் டிரெய்ல்' என்ற விளையாட்டை உருவாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிப் பயணப்பட்ட குடும்பங்களின் வண்டிப் பயணம். உணவு, துணிமணி, எருது, தோட்டா எல்லாவற்றுக்கும் பணத்தைப் பிரித்து ஒதுக்க வேண்டும். திரை கிடையாது, தட்டச்சுப் பொறி போன்ற கருவியில் தாளில் அச்சாகி வரும். ஒதுக்கீட்டைத் திட்டமிடுவது நல்ல பாடம், அது ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. வேட்டையாட வேண்டுமென்றால் 'பேங்' என்ற சொல்லை வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். குழந்தைகள் அதில்தான் அதிக ஆர்வம் காட்டினார்கள் என்றால் வியப்பில்லை. அதில் அவர்கள் கற்றது வரலாறு அல்ல, தட்டச்சு.

இன்றைய வகுப்பறையில் அதிகம் புழங்குவது வினாடி வினா செயலிகள். நார்வேயில் தொடங்கி 2013-ல் பரவலாக வந்த 'கஹூட்' அவற்றில் பெயர்பெற்றது. படித்ததை மறுபடி படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நன்றாகப் பதியவைக்கும் என்பது உளவியலில் உறுதியாக நிறுவப்பட்ட செய்தி. அந்த வகையில் வினாடி வினாவுக்கு நியாயம் உண்டு. ஆனால் வேகமாகப் பதில் சொன்னால் கூடுதல் புள்ளி என்ற ஏற்பாடு யோசிக்கும் குழந்தையைத் தண்டிக்கிறது. பெயர்ச்சொல், ஆண்டு, வாய்ப்பாடு இவற்றுக்குச் சரி. ஏன் என்று கேட்கும் கேள்விக்கு நேர வரம்பை நீட்டி வேகப் புள்ளியை நிறுத்திவிடுவதே நல்லது. மாணவர் கையில் போன் இல்லாத வகுப்புக்கு 'பிளிக்கர்ஸ்' போன்ற அட்டை முறை உண்டு. ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு அச்சிட்ட அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறது என்பதைப் பொறுத்து விடை அ, ஆ, இ, ஈ. ஆசிரியரின் ஒரே போன் வகுப்பு முழுவதையும் படம் பிடித்துப் படித்துக்கொள்ளும். யார் விடை என்ன என்பது பக்கத்து இருக்கைக்குத் தெரியாது என்பதால், தயங்கும் குழந்தையும் அட்டையைத் தூக்கும்.

பரிசு விஷயத்தில் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் மற்றவர்களும் செய்து 1973-ல் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி, அப்படியே தந்தார்கள். சில நாள் கழித்து யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆட்டமே பரிசாக இருக்கும் இடத்தில் நட்சத்திர ஸ்டிக்கர் எதற்கு?

தோற்கும் குழந்தையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முழுக்க முழுக்கத் திறமையில் நிற்கும் ஆட்டத்தில் அதே மூன்று பேர்தான் தினமும் ஜெயிப்பார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள். தாயம், பாம்பு ஏணி போன்றவற்றில் உருட்டின் பங்கு இருப்பதால் கணக்கில் தட்டுத்தடுமாறும் குழந்தையும் முதலில் பழம் எடுக்கும். அணியாக ஆடும்போது அணியில் யாரை வேண்டுமானாலும் ஆசிரியர் கூப்பிடலாம் என்று விதி வைத்தால், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது அணியின் தேவையாகிவிடும். தெரிந்த ஒருவரே நான்கு பேருக்கும் ஆடிவிடுவது குழு விளையாட்டின் பழைய நோய்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்கு இவையெல்லாம் முற்றிலும் அந்நியம் அல்ல. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். 2007-08-ல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படத்தில் தன் இடத்தைப் பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைக் குழந்தையே எடுத்து வரும். கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் படங்கள். விளையாட்டு அட்டைகள் அந்த ஏணியின் படிகளிலேயே இருந்தன, ஓய்வு நேரத்துக்கு ஒதுக்கப்படவில்லை. அதன் குறை, அட்டைகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஆசிரியரைச் சில இடங்களில் அட்டை எடுத்துக் கொடுப்பவராக மாற்றிவிட்டது. 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாடல், கதை, பொம்மலாட்டத்தோடு விளையாட்டையும் சேர்த்துக்கொண்டது.

நடைமுறைச் சங்கடங்கள் எளியவை, ஆனால் அவைதான் பெரும்பாலான முயற்சிகளை முடித்துவைக்கின்றன. முக்கால் மணி நேரப் பீரியடில் புதிய ஆட்டத்தின் விதி சொல்லவே கால் மணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஒரு புது ஆட்டம் என்பவர் வாரந்தோறும் விதிதான் சொல்லிக்கொண்டிருப்பார். வருடத்துக்கு நான்கைந்து ஆட்டங்கள் போதும். எண்ணையும் சொல்லையும் மாற்றி மாற்றி அதையே ஆடலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டியதில்லை. இரண்டு குழு ஆட, மற்றவர்கள் எழுத்து வேலையில் இருந்தால் சத்தம் பாதியாகும், ஆசிரியர் ஆட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை எப்படி எண்ணுகிறது என்று கேட்கவும் முடியும். '28, 29, 30' என்கிறதா, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்கிறதா என்பது தேர்வுத்தாளில் தெரியாத செய்தி. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பதும் நல்லது.

விளையாட்டாக மாற்ற வேண்டாத பாடங்களும் உண்டு. நீண்ட கதையை ஆழ்ந்து படிப்பதற்கு ஆட்டம் இடைஞ்சல். முதன்முதலாக ஒரு கருத்தை அறிமுகப்படுத்தும்போது நேராக எடுத்துச் சொல்வது பல நேரம் விரைவானது, தெளிவானது. ஆட்டம் அதற்குப் பின் வரும் பயிற்சிக்கு உரியது. சில பாடங்களில் அது தலைகீழாகவும் இருக்கும், சொற்சங்கிலியில் பார்த்ததுபோல. கொடிய வரலாற்று நிகழ்வுகளை வேடமிட்டு ஆடவைப்பது கூடாது. அடிமை வணிகமும் பஞ்சமும் புள்ளி சேர்க்கும் காரியம் அல்ல.

ஓர் ஆட்டம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதே ஆட்டத்தில் குழந்தை ஜெயிக்கிறதா என்று பார்த்தால் போதாது. ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஐந்து கணக்கு, ஆட்டம் தொடங்கி ஒரு மாதம் கழித்து அதே வகையில் வேறு ஐந்து கணக்கு, இரண்டும் தாளில். எண்ணிக்கை ஏறியிருந்தால் தொடரலாம். ஏறவில்லை என்றால் முதலில் விதியைத் திருத்திப் பார்க்க வேண்டும்: காய் நகரும்போது குழந்தை எதைச் சொல்ல வேண்டும், எதை எழுத வேண்டும், எதைக் கணக்கிடாமல் நகர முடியாது என்று. அப்போதும் ஏறாவிட்டால் அந்த ஆட்டத்தை மதிய இடைவேளைக்கு விட்டுவிடலாம். அங்கே அதற்கு வேறு காரணம் தேவையில்லை.